அம்மன் தேரன்று திரும்பி வந்த மோட்டார்

"வண்டியைத்தான் திருப்பிக் கொடுத்தாச்சே, அப்புறமும் எதுக்குய்யா கடன் கேக்கீரு?" இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் உத்தியோக காலம் தீர்ந்தது. போன வாரம் பைனான்ஸ் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். தவணை வண்டிகளுக்கென்று தனியாகச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். "சட்டம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், எனக்கு உடம்பெல்லாம் துடிக்க ஆரம்பித்துவிட்டது. வந்த பிள்ளைகளுக்குக் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன். அன்றைக்கு அவர்களிடம் கொட்டியதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலம். தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் எங்கள் தவணைக் கம்பெனியின் கிளை இருந்தது. ஒரு தகரக் கொட்டகை, அதை ஒட்டி ஓர் அறை, முன்னால் மரக்கேட்டு, அவ்வளவுதான். பெரிய ஆபீஸ் திருநெல்வேலியில். நான் ஜங்ஷன் பக்கம் ஒரு பட்டறையில் கிரீஸும் அடியுமாக வேலை பழகி, "இவனுக்கு வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியும்" என்று யாரோ சொன்னதன் பேரில் இங்கே வந்து சேர்ந்தேன். வண்டி கொடுக்கும்போது பார்த்துக் கொடுப்பதும், திரும்பி வரும்போது பார்த்து வாங்குவதும் என் வேலை. மோட்டார் என்றால் எனக்குப் பைத்தியம். சம்பளம் தராவிட்டாலும் அந்த வேலையைச் செய்திருப்பேன் என்று மானேஜருக்கும் தெரியும். நல்லவேளை, தந்தார்கள்.

வியாபாரம் எப்படி என்றால், காரின் விலை முழுவதையும் ரொக்கமாகக் கொடுக்க இந்தப் பக்கத்தில் யாரிடம் பணம் இருந்தது? எனவே காரை வாடகைக்கு விடுவதாக எழுதிக்கொள்வோம். மாதா மாதம் தவணை. கடைசித் தவணை கட்டிய அன்றுதான் வண்டி அவருடையது. நடுவில் கட்ட முடியாமல் போனால் இரண்டு வழி உண்டு. தவணை நாளுக்கு முன்னால் தானாகக் கொண்டு வந்து ஒப்படைத்தால், அதுவரைக்கும் உள்ளதைக் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். அதன் பெயர் ஒப்படைப்பு. தவணை தவறி நாங்கள் போய் எடுத்தால் அது பறிமுதல். பறிமுதல் வண்டியை ஏலம் போட்டு, ஏலத்தில் வந்தது போக மிச்சக் கடன் முழுவதும் அவர் தலையில் விழும். கூடவே ஜாமீன் நின்றவர் தலையிலும் விழும். ஒரே வண்டி, ஒரே கேட்டு. வந்த விதத்தைப் பொறுத்துத்தான் குடும்பம் பிழைப்பதும் கெடுவதும்.

திரும்பி வரும் வண்டியைப் பார்ப்பது இருக்கிறதே, அது தனி வித்தை. முதலில் ரேடியேட்டரில் தண்ணீர், பிறகு மேக்னட்டோ, விளக்கு, ஹாரன், ஸ்டெப்னி, ஜாக்கி, ஹூட் துணி, கடைசியில் சீட்டைத் தூக்கி அடியில். சீட்டுக்கு அடியில் என்னென்னவெல்லாம் பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஒருவர் டயருக்குள் டியூபை உருவிவிட்டு வைக்கோலைத் திணித்துக் கொண்டு வந்தார். வண்டி என்னமோ நின்றது. ஓட்டினால்தான் மாட்டுத் தொழுவம் மாதிரி நாறியது.

எங்கள் மானேஜர் பெயர் சிவராமன். ஒல்லியான மனிதர். மழையோ வெயிலோ, கையில் குடை இருக்கும். கடன்காரர் எத்தனை மாதம் பாக்கி வைத்திருந்தாலும் "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பறிமுதல் செய்யப்போன வண்டியில் ஏறும்போதுகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். "கையெழுத்து ஆகிறவரைக்கும் அடுத்தவன் வண்டி வே" என்பார். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்களே, அதில் அவர் பாடுகிற ஜாதி.

ஒரு தடவை செங்கோட்டைக்காரர் ஒருவர் எங்களுக்குத் தண்ணி காட்டினார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். எல்லையில் இருந்த சுங்கச் சவுக்கையைத் தாண்டிவிட்டால் எங்கள் கோர்ட்டு உத்தரவு செல்லாது. அவர் காரைச் சவுக்கைக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டு, "இங்கன வந்து எடும் வே பாப்போம்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. மானேஜரோ குடையை விரித்துக்கொண்டு, "முதலாளிக்குக் கலியாணம் ஆயிருக்காமே, சந்தோஷம். பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். அவர் பெருமையாக, "தென்காசிதான்" என்றார். மானேஜர் "அப்ப வாரேன்" என்று திரும்பிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு நடந்தா வருவார்? ஹாரனை அடித்துக்கொண்டு, புதுப் பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காரிலேயே வந்து இறங்கினார். நான் என்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற கிராங்க் கம்பியோடு தெருமுனையில் துள்ளிக்கொண்டு நின்றேன். மானேஜர் என் தோளை அமுக்கி, "இரும். இலை போட்டிருப்பாக. தலைதீபாவளிச் சாப்பாட்டை நடுவுல எழுப்பக் கூடாது. பாயசம் வரைக்கும் ஆகட்டும்" என்றார். பாயசமும் ஆயிற்று. மாப்பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மானேஜர் வாசலில் நின்று, "முதலாளி, சாவி" என்றார். மாமனார் முன்னால் மறுபேச்சுப் பேச முடியுமா? கொடுத்துவிட்டார்.

இப்போது செண்பகத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எழுந்து நின்று பேசத் தோன்றுகிறது.

மேலகரத்தில் வேலாயுதம் என்றொரு டிரைவர். பிறத்தியார் காரை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சொந்தமாக ஒரு கார் வாங்கி, குற்றாலம் சீசனில் ஸ்டேஷனுக்கும் அருவிக்கும் சவாரி அடிக்க வேண்டும் என்று ஆசை. எங்களிடம் ஹூட் வைத்த திறந்த கார் ஒன்று எடுத்தான். ஜாமீன் அவன் மனைவி செண்பகம். அவள் அப்பா அவளுக்கு எழுதி வைத்த மேலகரத்து வீட்டை ஈடாகக் காட்டினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரம் முழுவதையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மானேஜரைப் பார்த்து, "இதைத் திருப்பித் தரணும்னா எப்பய்யா தரணும்?" என்றாள்.

வேலாயுதத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏட்டி, எடுக்கதுக்கு முன்னாலயே திருப்பித் தாரதப் பத்திப் பேசுதியே!" என்றான்.

"கேட்டு வச்சுக்கிடுதேன். வாய் நோவுதா?" என்றாள்.

மானேஜர் சிரித்தார். "தவணை நாளுக்கு முன்னாடி இந்தக் கேட்டுக்குள்ள கொண்டு வந்து, எங்க ஆள் கையில சாவியக் குடுத்துட்டா போதும்மா" என்றார். வண்டி எடுக்கிற அன்றைக்கு இப்படிக் கேட்ட ஒரு ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

முதல் சீசனில் வேலாயுதம் பிச்சு உதறினான். சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ரயிலுக்கு ரயில் கூட்டம். தவணை ஒரு நாள் பிந்தவில்லை. அடுத்த வருஷம் சாரல் பொய்த்துவிட்டது. ஆனியில் வரவேண்டிய தண்ணீர் ஆடியிலும் வரவில்லை. அருவிப் பாறை வறண்டு வெள்ளையாகக் கிடந்தது. குளிக்க வந்தவர்கள் பாறையைப் பார்த்துவிட்டு அதே ரயிலில் திரும்பினார்கள். செண்பகம் கையிலிருந்ததை விற்று ஐப்பசிக்கு முந்தைய தவணை வரை கட்டினாள். புரட்டாசிக் கடைசியில் வேலாயுதம் விஷக்காய்ச்சலில் படுத்தான். நாள் கணக்கில் கண் திறக்கவில்லை. அடுத்த தவணை நாள் அம்மன் தேருக்கு மறுநாள் வந்தது.

தென்காசியில் ஐப்பசித் தேரோட்டம் என்றால் ஊரே வடத்தில்தான் இருக்கும். எங்கள் ஆபீஸுக்கு அன்று லீவு. நான் வீரகேரளம்புதூரில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அதனால் நடந்ததெல்லாம் ஊர்க்காரர்கள் வாயால் கேட்டதுதான். ஆனால் நான் விசாரித்த அத்தனை பேரும் ஒரே மாதிரி, கைகொட்டிச் சிரித்துக்கொண்டு சொன்னார்கள்.

காரை ஓட்ட ஆள் இல்லை. படுத்துக் கிடக்கிறவன் வண்டியைத் திருப்பி விடுகிற பாவத்தில் பங்கெடுக்க டிரைவர் எவனும் சம்மதிக்கவில்லை. செண்பகம் என்ன செய்தாள் தெரியுமா? கொழுந்தனைக் கூப்பிட்டு, காரின் முன்னால் ஒரு ஜோடி மாட்டைக் கட்டச் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே முன்சீட்டில் உட்கார்ந்தாள்! மாடு இழுக்க, மோட்டார் ஊருக்குள் நுழைந்தது. வடம் பிடிக்கக் கூடியிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டு ஆர்ப்பரித்தது. "ஏலே, பெரிய தேருக்கு முன்னால சின்னத் தேரு கெளம்பிட்டு லே!" என்று ஒருவன் கத்த, "வடம் குடுங்க ஆச்சி, நாங்களும் இழுக்கோம்!" என்று இன்னொருவன் கத்தினான். அவள் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லையாம். ரோட்டைத்தான் பார்த்தாளாம். முதன்முதலாக ஸ்டியரிங் பிடிக்கிறவள் வேறு எதைப் பார்க்க முடியும்? நினைக்கும்போதே எனக்குச் சீட்டி அடிக்கத் தோன்றுகிறது.

மறுநாள் நான் வரவில்லை, மானேஜரும் வேலையாகத் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த நாள்தான் ஆபீஸுக்கு வந்தேன். கார் கொட்டகைக்குள் நின்றது. பக்கத்தில் திருநெல்வேலி ஆபீஸிலிருந்து வந்திருந்த வசூல் இன்ஸ்பெக்டர் நின்றார். புதிதாக வேலைக்கு வந்தவர். எத்தனை வண்டி பறிமுதல் செய்தோம் என்பதில்தான் அவருக்குப் பேர். "தவணை தவறிய வண்டி, ரோட்டோரம் அனாதையாகக் கிடந்தது, இன்று பறிமுதல் செய்தேன்" என்று அவர் எழுதி முடித்திருந்தார்.

நான் வழக்கம்போல வண்டியைப் பார்த்தேன். ரேடியேட்டர் நிறையத் தண்ணீர், துடைத்த விளக்கு, ஸ்டெப்னி, ஜாக்கி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இவ்வளவு சுத்தமாக ஒரு பறிமுதல் வண்டியை நான் பார்த்ததே கிடையாது. பின்சீட்டின் மடிப்பில் சில நெல்மணிகள் கிடந்தன. எடுத்துப் போய் மானேஜரிடம் காட்டினேன். அவர் காவல்காரன் மாடசாமியைக் கூப்பிட்டு, "தேரன்னிக்கி யாரும் வண்டியக் கொண்டு வந்து உன் கையில குடுத்தாகளா?" என்று கேட்டார். மாடசாமி இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தான். "இல்ல எசமான். யாரையும் பாக்கல" என்றான். மானேஜர் நெல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுதிய காகிதம் பெரிய ஆபீஸுக்குப் போய்விட, வண்டி ஏலத்துக்குப் போனது. அருவியில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் சவாரிக் காரை யார் கேட்பார்கள்? அடிமாட்டு விலைக்குப் போனது. மிச்சக் கடனுக்கு வேலாயுதம் பேரிலும், ஜாமீன் செண்பகம் பேரிலும் பெரிய ஆபீஸ் பிராது போட்டது. மேலகரத்து வீடு ஜப்திக்கு வந்தது. வேலாயுதம் காய்ச்சலிலிருந்து எழுந்ததும் கேட்ட முதல் செய்தி அதுதான்.

தென்காசி முன்சீப் கோர்ட்டில் வழக்கு. கம்பெனி சாமான்களைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் என்னை அனுப்புவார்கள். நான் எங்கள் கட்சிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும், எங்கள் கட்சி தோற்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எப்படித் தோற்கும்? மாடு கார் இழுத்ததைப் பார்த்த ஊரே சாட்சிதான். எங்கள் திருநெல்வேலி வக்கீல் அதை ஒரே வார்த்தையில் தட்டிவிட்டார். "காரை இழுத்துப் போனதைப் பார்த்தீர்கள். கம்பெனி ஆளிடம் கொடுத்ததைப் பார்த்தீர்களா?" யார் பார்த்திருப்பார்கள்? எல்லாரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். கொழுந்தன் சொன்னதை, "குடும்பத்து ஆள்" என்று ஒதுக்கினார்கள். செண்பகமோ, "கேட்டுக்குள்ள விட்டேன், சாவியக் குடுத்தேன்" என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ரசீது கேட்டாயா என்றால், "ஆபீஸ் பூட்டியிருந்துது, எழுதித் தர ஆள் இல்ல" என்றாள்.

கடைசியில் ஒரு நாள், மானேஜரும் இன்ஸ்பெக்டரும் வந்திருக்க, எங்கள் சாட்சியாக மாடசாமி கூண்டில் ஏறினான். தேரன்று கேட்டை விட்டு நகர்ந்தது தெரிந்தால் வேலை போய்விடும் என்று இன்ஸ்பெக்டர் அவனை மிரட்டி வைத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவன் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே, "அன்னிக்கி யாரும் வரல எசமான். இந்த அம்மாவ நான் கண்ணால பாக்கவேயில்ல" என்றான்.

அதுவரை சுவரோரம் நின்ற செண்பகம் படாரென்று முன்னால் வந்துவிட்டாள்.

"ஏலே மாடசாமி! என்னைப் பாக்கவே இல்லைன்னா என் பித்தளைச் சருவத்தை உன் பொண்டாட்டி எதுக்குலே கொண்டு வந்து தந்தா? அதுவும் உளுந்து வேற போட்டு?"

சேவகன் "சத்தம் போடக் கூடாது!" என்று சத்தம் போட்டான். முன்சீப் கையைத் தூக்கி அவனை அடக்கினார். "என்ன சருவம்?" என்றார்.

செண்பகத்தின் வக்கீல் அவளைவிடத் திகைத்துப் போயிருந்தார். "எங்கிட்டே இதைச் சொல்லவே இல்லையேம்மா!"

"எப்படிச் சொல்லுவேன்? எரவல் வாங்குன ஏனத்தையே வெறும் ஏனமாத் திருப்பித் தர மாட்டோம். இம்புட்டுப் பெரிய வண்டிய வெறும் வண்டியாவா கொண்டு விடுவாக? புது நெல்லு ஒரு சருவம், மஞ்ச, வெத்தலபாக்கு, பின்சீட்டுல வச்சுத்தான் கொண்டாந்தேன். இவன் கையிலதான் எல்லாத்தையும் குடுத்தேன். குடுத்ததப் போயி கோர்ட்டுல சொல்லிக் காட்டவாய்யா? சொல்லிக் காட்டிட்டா அது குடுத்ததாகுமா?"

அந்த நெல்மணிகள்! நான் திரும்பி மானேஜரைப் பார்த்தேன். அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

மாடசாமி, "எனக்கு ஒண்ணும் தெரியாது எசமான், எந்தச் சருவமும் நான் பாக்கல" என்று குழறினான். முன்சீப் சருவத்தைக் கொண்டு வரச் சொன்னார். மாடசாமியின் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோர்ட்டு கலைந்தது. நான் சாப்பிடப் போகவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "உமக்கென்ன வே இம்புட்டு துடிப்பு?" என்றார். "வயித்து வலி சார்" என்றேன்.

சாப்பாட்டுக்குப் பின் பித்தளைச் சருவம் மேஜைமேல் வந்தது. கழுத்தில் "செண்பகம்" என்று பேர் வெட்டியிருந்தது. அவளுக்குச் சீராக வந்தது. மாடசாமியின் மனைவி பேச்சி கூண்டில் ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோர்ட்டுக்கு இதற்குமுன் வராதவள், முன்சீப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"இந்தச் சருவத்தை இந்த அம்மா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது நீயா?"

"ஆமாய்யா, நான்தான்."

"உன் வீட்டுக்கு எப்படி வந்தது?"

"தேரன்னிக்கி சாயங்காலம் எங்க வீட்டு ஆளு கொண்டு வந்தாக. 'மோட்டாரத் திருப்பி விட்டாக, அதுல இருந்துது'ன்னாக. ஒரே நெல்லு. அன்னிக்கே குத்திப் பொங்கிட்டோம்."

மாடசாமி கூரையைப் பார்த்தான். கூரை அவனுக்கு உதவவில்லை.

எங்கள் வக்கீல் எழுந்து, "அப்படியானால் சருவத்தையும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஏன் திருப்பிக் கொடுத்தாய்?" என்று மடக்கினார்.

பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கேக்கீக! நெல்லு திங்கதுக்கு வந்துது. சருவமும் திங்கதுக்கா வந்துது? அதுல பேரு வெட்டியிருக்குல்லா! மறுநா விடியக்காலம் எடுத்துட்டுப் போனேன். வெறுஞ் சருவமா எப்படிக் குடுக்க? வீட்டுல உளுந்து கெடந்துது. ரெண்டு கை அள்ளிப் போட்டுக் குடுத்தேன்."

கோர்ட்டே சிரித்துவிட்டது. முன்சீப் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சியைப் பார்த்து, "நல்ல உளுந்துதான்" என்றாள்.

எங்கள் வக்கீல் இன்னும் விடவில்லை. எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கவில்லை, காவல்காரன் கையில் கொடுப்பது கம்பெனி கையில் கொடுப்பது ஆகாது என்று புதுக் கதவைத் திறக்கப் பார்த்தார். அப்போதுதான் எங்கள் மானேஜர் எழுந்தார். குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, எப்போதும்போல மெதுவான குரலில், "போதும், வக்கீல் சார். எங்க ஆள் கையில சாவியக் குடுத்தா போதும்னு சொன்னது நான்தான். அவன் எங்க ஆளுதான். அவன் வாங்கினா நாங்க வாங்கின மாதிரி" என்றார்.

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. முன்சீப் அதை எழுதிக்கொண்டார். தவணை நாளுக்கு முன்பே வண்டி கம்பெனி ஆள் கைக்கு வந்துவிட்டது, இது ஒப்படைப்பு, மிச்சக் கடன் என்று ஒன்று இல்லை, பிராது தள்ளுபடி. வீடு தப்பித்தது! எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. தோற்ற கட்சிக்காரன் குதிக்கக் கூடாதே என்று பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் வேலாயுதம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல விம்மி விம்மி அழுதான். "தூணு ஈரமாவுது, வாங்க" என்று செண்பகம் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாடசாமியை வேலையை விட்டு நீக்கச் சொல்லிப் பெரிய ஆபீஸ் எழுதியது. "அவனை நீக்கினா அந்தப் பேச்சிக்கு அபராதம் போட்ட மாதிரி ஆயிரும்" என்று சொல்லி, மானேஜர் அவனை வைத்துக்கொண்டார். அவன் அப்புறம் பல நாள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டைத் திறந்தான்.

அடுத்த வைகாசியில் ஒரு காலை. மேற்கே மலைமேல் மேகம் கவிந்து, காற்றே ஈரமாக வீசியது. இந்த வருஷம் சாரல் முந்தும் என்று ஊரெல்லாம் பேச்சு. வேலாயுதமும் செண்பகமும் ஆபீஸுக்கு வந்தார்கள். "வண்டியத் திருப்பித் தந்ததுக்கு ரசீது வேணும்" என்றாள் செண்பகம். தீர்ப்பு இருக்கும்போது ரசீது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மானேஜர் தேரோட்டத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேலாயுதம் அங்கே இல்லை. கொட்டகையில் நின்ற ஒரு காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் ஒப்படைத்துவிட்டுப் போன வண்டி. இன்னும் மெலிந்தே இருந்த கையால் அதன் பானெட்டைத் தடவினான். நான் பக்கத்தில் போய், "என்ஜின் சிங்கம் வே. நானே பார்த்தேன்" என்றேன். அவனுக்குக் கண் மின்னியது. எனக்கும் மின்னியிருக்கும்.

மானேஜர் எழுந்து வந்தார். "எடுத்துக்கிடுதீரா, முதலாளி?"

வேலாயுதம் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். செண்பகம் மேற்கே மலைமேல் மேகத்தைப் பார்த்துவிட்டு, "சாரல் வருது. ஓட்டத் தெரிஞ்ச ஆளு வீட்டுல இருக்கு. ஆனா இனிமே வீட்ட எழுத மாட்டேன்யா. செத்தாலும் எழுத மாட்டேன்" என்றாள். குரல் நடுங்கியது. கோர்ட்டில்கூட நடுங்காத குரல்.

"வீடு வேண்டாம்மா" என்றார் மானேஜர்.

"அப்ப ஜாமீனுக்கு எங்க போவோம்? எங்களுக்கு யாரு இருக்கா?"

மானேஜர் பத்திரத்தை எடுத்து ஜாமீன்தார் என்று போட்ட இடத்தில் தானே எழுதினார். எழுதி என்னிடம் நீட்டி, "அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்" என்றார். நான் உரக்க வாசித்தேன்.

"இவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஜாமீன் தேவையில்லை."

செண்பகம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாத்தான் எழுதியிருக்கு" என்றாள். வேலாயுதம் கையெழுத்துப் போட்டான். கிராங்க் சுற்ற அவனுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மாடசாமி ஓடி வந்து நாலு சுற்று சுற்றினான். என்ஜின் உறுமியது பாருங்கள், கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது! அவர்கள் குற்றாலம் ரோட்டுப் பக்கம் திரும்பி மறைகிறவரை நான் கேட்டில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஜாமீன் இல்லாமல் வண்டி கொடுத்ததற்காகத் திருநெல்வேலியிலிருந்து மானேஜருக்கு ஓலைமேல் ஓலை வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் எழுதினார்: தவணை ஒழுங்காக வருகிறது. வந்துகொண்டும் இருந்தது. என் காலத்தில் எத்தனையோ வண்டிகள் எங்கள் கொட்டகையைவிட்டுப் போய், எப்படியெப்படியோ திரும்பி வந்திருக்கின்றன. அந்த வண்டி மட்டும் திரும்பி வரவேயில்லை.